தெருவில் கிடத்தப்பட்ட சுபேதார்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, முப்படைகளிலும் பணியாற்றித் திரும்பிய என் தோழர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமிர்தவல்லி அண்ணி அவர்களே! செயலாளர் மொய்னுதீனின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும், சுபேதார் தெய்வசிகாமணி நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்றார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அவர் எப்படிப் போனார் என்று பார்த்தவன் நான்.

யார் இந்தத் தெய்வசிகாமணி? வாலிபம் முழுவதையும் பீரங்கிப் படைக்குக் கொடுத்தவர்! வெடிச்சத்தத்தில் ஒரு காதை இழந்தவர்! அதனாலோ என்னவோ, மெதுவாகப் பேசவே தெரியாதவர். இந்தக் கூடத்தில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள் பார்ப்போம். இல்லை அல்லவா?

ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், ஒரு சின்ன வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேலாளர் கேட்டார்: "பென்ஷன்காரரு நீங்க. இருபது வருஷக் கடன் கேக்கறீங்க. அதுவரைக்கும் இருப்பீங்களா சார்?"

சுபேதார் மேசையில் ஓங்கி அடித்தார். "என்னை பார்டருக்கு அனுப்பும்போது இருப்பியான்னு எவனும் கேக்கலயே!"

எங்களை வெளியே அனுப்பினார்கள். அன்று படியிறங்கும்போதே சொன்னார், "இதுக்கு ஒரு சட்டம் வேணும் மொய்னு." முன்னாள் படைவீரன் வாங்கும் வீட்டுக்கடனுக்கு அரசே ஜாமீன் நிற்க வேண்டும், வட்டியில் ஒரு பங்கை அரசே ஏற்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காக எத்தனை வாசல்களில் நின்றார்! பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு போவார். ஒரு பிரமுகர் வீட்டில், பேண்டு வாத்தியக்காரர் என்று நினைத்து, "கல்யாணம் பக்கத்துத் தெருவுல" என்று வழி காட்டினார்கள். அந்தத் தெருமுனைக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் மசோதா தயாரானது. ஆனால் நிதித்துறை ஒரு நிபந்தனை வைத்தது. அறுபது வயதைத் தாண்டியவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது! சுபேதாருக்கு அறுபத்துநான்கு.

"ஒத்துக்காதீங்க சுபேதார் சாப்" என்று நான் சண்டை போட்டேன்.

"எனக்கு எடமில்லன்னு வந்த பஸ்ஸ நிறுத்தி வைக்கச் சொல்றியா? ஏறுறவன் ஏறட்டும், போடா" என்றார்.

சட்டம் நிறைவேறிய நாளில் உறுப்பினர்கள் மேசைகளைத் தட்டினார்கள். பார்வையாளர் மாடத்தில் இவர் எழுந்து நின்று கைதட்டினார். தட்டக் கூடாது என்று காவலர் வந்து சொன்னார். கேட்காத காதுப் பக்கம் வந்து சொன்னார், பாவம்!

அந்தச் சட்டத்தில் எழும்பிய முதல் வீடு எது? தரைப்படையில் நாயக்காக இருந்து திரும்பிய கமலக்கண்ணன் அவர்கள் தவளக்குப்பத்தில் கட்டிய மாடி வீடு. அவருடைய மனுவை வங்கி திருப்பி அனுப்பியபோது, கையைப் பிடித்து அழைத்துப்போய், சட்டத்தைப் படித்துக் காட்டிக் கடன் வாங்கிக் கொடுத்தவர் சுபேதார். பிறகு அந்த வீட்டின் கீழ்ப்பகுதிக்கே அவரும் அவர் மனைவி அமிர்தவல்லி அண்ணியும் வாடகைக்குக் குடி போனார்கள். போன அன்று சுவரைத் தட்டிக் காட்டினார். "நம்ம சட்டத்துல கட்டுனது மொய்னு. எப்படி நிக்குது பாரு!" சொந்த வீடு கிடைத்தவனுக்குக்கூட அப்படி ஒரு பூரிப்பு வராது, தோழர்களே!

சென்ற மாதம் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். கேட் பூட்டியிருந்தது.

உள்ளே நின்றுகொண்டு கமலக்கண்ணன் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சார். பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கோம். சம்பந்தி வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. நேரா சுடுகாட்டுக்கு எடுத்துக்கிட்டு போயிடுங்க."

"அவரு துணிமணி உள்ள இருக்குதுப்பா, அவரு வரக்கூடாதா?" என்று கேட்டார் அண்ணி.

கமலக்கண்ணன் மாடிக்கு ஏறிப் போனார். அண்ணி எங்கள் பக்கம் திரும்பினார். "எறக்குங்க. தெருவு யாரு வீட்டு சொத்தும் இல்ல."

இறக்கினோம். உடலை வைத்த குளிர்பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். அதையும் கேட்டுப் பார்த்தோம். மாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்தர் பேகம், தன் ஜன்னல் வழியாக ஒயரை நீட்டினார். கடலூர் சாலையிலிருந்து திரும்பிய வண்டிகளெல்லாம் பெட்டியை ஒதுங்கிப் போகச் சொல்லி ஹாரன் அடித்தன. வெயில் ஏற ஏற, அந்த மாடி வீட்டின் நிழல் சுருங்கச் சுருங்க, பெட்டியை அதன் பின்னாலேயே நகர்த்திக்கொண்டிருந்தோம். நாட்டைக் காத்த மனிதருக்கு நாம் கொடுத்த இராணுவ மரியாதை அதுதான்!

கமலக்கண்ணன் அவர்களே! ரோஜா மாலையோடு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து போகாதீர்கள்.

என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லாரும் கேட்கட்டும். "உங்க வீட்டுல பொண்ணு இல்லையா?" என்கிறீர்கள். இருக்கிறாள். உங்கள் பயம் பொய் என்றும் நான் சொல்லவில்லை. சாவு விழுந்த வீடு என்றால் இந்த ஊரில் சம்பந்தமும் தட்டிப்போகும், குடி வரவும் யோசிப்பார்கள். எல்லாம் தெரியும். ஆனால் காரியம் முடிந்த மறுநாளே, வீட்டைக் காலி செய்யச் சொல்லி அண்ணியிடம் ஆள் அனுப்பினீர்களே, அது எந்தப் பயம்?

இன்று அண்ணிக்கு வீடில்லை. கணவர் இறந்தபின் மனைவி மனுச் செய்ய அந்தச் சட்டத்தில் இடமும் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அறுபது வயது வரம்பு போக வேண்டும். கைம்பெண்ணுக்கும் கடன் கிடைக்க வேண்டும். அதுவரை சுபேதார் நின்ற ஒவ்வொரு வாசலிலும் நாங்கள் நிற்போம். திட்டினாலும் நிற்போம், துரத்தினாலும் நிற்போம்!

இன்னொன்றும் கேட்போம். அன்று தெருவில் பெட்டியருகே உட்கார்ந்திருந்த அண்ணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது: "மொய்னு தம்பி, சட்டத்த திருத்தும்போது இதையும் எழுதச் சொல்லு. இந்தக் கடன்ல கட்டுற வீட்டுல குடியிருக்கறவன் செத்தா, ஒருநாள் உள்ள வைக்க வுடணும்னு."

தோழர்களே, இதைச் சட்டத்தில் எழுதி வாங்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். வெட்கப்படுங்கள்; வெட்கப்பட்டுக்கொண்டே தீர்மானத்துக்கு எழுந்து நில்லுங்கள். கமலக்கண்ணன் அவர்களே, நீங்கள் முன்னமே எழுந்துவிட்டீர்கள். வாசலைப் பார்க்காமல் இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள். அண்ணி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.