முந்நூற்றுப் பதினான்கு திருத்தங்கள்

மதிப்பிற்குரிய தரச்சரிபார்ப்புக் குழுவினருக்கு,

தங்கள் விளையாட்டில் வரும் அந்தப் பாலத்தை நான் இன்றுவரை சொந்த முயற்சியில் கடந்ததில்லை. முதல் தடவை முதலை கடித்தது. பின்னர் நாற்பது தடவையும் அதே முதலைதான் கடித்தது. நாற்பத்தோராவது முறை இறந்தபோது அன்வர் சாதிக் என் கையிலிருந்த விசைப்பலகையை மெதுவாக வாங்கிக்கொண்டு, "ஐயா, நீங்க வசனத்த மட்டும் பாருங்க. முதலைய நான் பாத்துக்கிறேன்" என்றான். தமிழ்ப் பதிப்புப் பணியைத் தங்களிடமிருந்து ஏற்றிருக்கும் அவன், என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் அறுபத்தெட்டாம் வயதில் கணினி விளையாட்டு ஒன்றுக்கு உரையாடல் எழுத அமர்ந்தால், இவ்வளவு மரியாதை மிஞ்சுவதே பெரிது.

தாங்கள் அன்வருக்கு அனுப்பிய மின்னஞ்சலை அவன் எனக்குப் படித்துக் காட்டினான். தமிழ்ப் பதிப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் மூலத்தினின்று மாறியுள்ளன, மாற்றியவர் யார், ஏன் மாற்றினார், மூல வசனங்களோடு மறுபதிவு செய்ய அதே இரு குரல் கலைஞர்களையும் அழைக்க இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அன்வர் இவற்றுள் எதற்கும் பொறுப்பாளி அல்லன். அவனிடமிருந்து இந்தப் பணியைப் பறித்தால் குற்றமற்ற ஒருவனைத் தண்டித்தவர்கள் ஆவீர்கள். அதைத் தடுக்கவே காரைக்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் சேதுபதியாகிய நான், இதனை எழுதுகிறேன். வினாக்களுக்கு வரிசைப்படியே விடை தருகிறேன். மாணவர்களிடமும் அதையே வற்புறுத்தியவன் நான்.

முதல் வினா: மாற்றியவன் நானே.

இரண்டாம் வினா சற்று நீளமானது. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நாட்டில் இலின் என்பவள் விளக்குக் காக்கிறாள். தோவா என்பவள் படகு கட்டுகிறாள். இருவரும் சேர்ந்து கரை தேடிச் செல்கிறார்கள். நான்காம் கட்டம் வரையில் அவர்களை நல்ல தோழிகள் என்றே எண்ணி மொழிபெயர்த்து வந்தேன். ஐந்தாம் கட்டத்தில் ஐயம் தோன்றவே அன்வரைக் கேட்டேன்.

"அந்தப் புள்ளைக ரெண்டும் லவ் பண்ணுதுக ஐயா. கதையே அதுதான்."

"கதையில் வேறு ஆண்மகன் எவரும் இல்லையா?"

"முதலை இருக்கு. அது ஆம்பளையான்னு தெரியல."

அன்று பிற்பகல் முழுவதும் சிந்தித்தேன். பிறகு அவர்களை அக்காள் தங்கையர் ஆக்கினேன். நம் பிள்ளைகள் விளையாடப்போகும் ஒன்று தூய்மையாக இருக்க வேண்டும் என்பதே என் நோக்கம். எவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலேயே நன்மை செய்யும் பழக்கம் எனக்கு இளமையிலிருந்தே உண்டு. தோவா இறுதிக் கட்டத்தில், "உலகமே மூழ்கினாலும் உன் கையை விடமாட்டேன், என்னை மணந்துகொள்வாயா?" என்று கேட்கிறாள். அவ்விடத்தில், "அக்கா, மழை வரும்போல் இருக்கிறது. படகை ஓரமாகக் கட்டுவோமா?" என்று எழுதினேன். உதட்டசைவு இம்மியும் பிசகாமல் பொருந்திற்று. முதற் கட்டத்திலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருக்கும் நாட்டில் அவ்வாறு கேட்பது அறிவுடைமையா என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். படத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே முத்தம் முடிந்ததும் தோவா, "காய்ச்சல் விட்டுவிட்டது, அக்கா" என்று நிம்மதியோடு கூறுமாறு அமைத்தேன். இது தொடர்பாகத் தங்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஏளனக் கடிதங்கள் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் ஒன்றிரண்டு எதிர்பார்த்தேன்.

முதலில் ஏளனம் செய்தவர்கள் அக்குரல் கலைஞர்களே. தோவாவுக்குக் குரல் கொடுத்தவள் செந்தாமரை. புதுவயல் அரிசி ஆலைகளுக்கு லாரி ஓட்டுபவரின் மகள், என் மாணவி. இலினுக்குக் குரல் கொடுத்தவள் சௌபர்ணிகா. கீழச்சிவல்பட்டியில் இருக்கும் என் தங்கை விசாலத்தின் ஒரே மகள். இருவரையும் அன்வரிடம் பரிந்துரைத்தவன் நான். அவர்களைச் சந்திக்க வைத்தவனும் நானே என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

"ஐயா, எந்த ஊர்லய்யா ஒதட்டால காய்ச்சல் பாப்பாக?" என்று செந்தாமரை கேட்டாள்.

"எங்க மாமா தெர்மாமீட்டரே வாங்குனதில்லடி. நீ பேசு" என்றாள் என் மருமகள்.

பதிவறை என்பது அன்வர் வீட்டு மாடியறை. எதிரொலி எழாதிருக்கச் சுவரெங்கும் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சார்த்தியிருந்தான். பதிவின்போது மின்விசிறி ஓடக் கூடாது. சித்திரை மாதத்தில் அவ்வறைக்குள் இரண்டு மணி நேரம் சிரித்துக்கொண்டே இருக்க முடிந்தவர்களை அவ்விருவரைத் தவிர நான் கண்டதில்லை. நான் வெளியே அமர்ந்து காதொலிப்பானில் கேட்டு உச்சரிப்பைச் சரிபார்ப்பேன். ஒருநாள் தேநீர் இடைவேளையில் ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டார்கள். காதொலிப்பானைக் கழற்ற நானும் மறந்துவிட்டேன். சரியாகச் சொன்னால், மறக்கவில்லை.

"கோயமுத்தூர் ஸ்டூடியோல ரெண்டு பேரையுமே கேக்குறாக. வாரியா?" இது செந்தாமரை.

"நீ எங்குட்டுக் கூப்பிட்டாலும் வாரேன். எங்க அம்மாதான் சாமி ஆடும்."

"உங்க மாமாவ விட்டுப் பேசச் சொல்லுவமா? அவுக சொன்னா கேப்பாகள்ல?"

"யாரு, காய்ச்சல் டாக்டரா?"

நெடுநேரம் சிரித்தார்கள். பிறகு செந்தாமரையின் குரல், நடிப்புக்கு உரிய எடுப்பு ஏதுமின்றி, மிகத் தாழ்ந்து ஒலித்தது. "அக்கா, மழை வரும்போல இருக்கு. படகை ஓரமாக் கட்டுவோமா?"

"கட்டுவோம்டி" என்றாள் சௌபர்ணிகா.

அவ்வசனத்தை நான் பதினேழு தடவை பேசச் செய்தும் அத்தரத்தில் ஒருமுறையும் கிட்டவில்லை.

நான் சினம் கொண்டேன் என எண்ண வேண்டா. காதொலிப்பானிலிருந்த வியர்வையைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். எஞ்சிய பதிவு முடியும் வரையில் நான்கு நாள் பொறுத்தேன். ஏற்றுக்கொண்ட பணியின்மீது எனக்குப் பற்று உண்டு. ஐந்தாம் நாள் கீழச்சிவல்பட்டிக்குப் பேருந்து ஏறினேன்.

"விசாலம், பாப்பாவின் கைபேசியை வாங்கி வைத்துக்கொள். வேலைக்கும் அனுப்பாதே. வரன் பார்ப்பதை விரைவுபடுத்து."

"என்னண்ணே இப்புடிச் சொல்றீக? எவனும் பையன் கியன்னு…"

"பையன் எவனும் இல்லை" என்றேன்.

அது உண்மை. நான் பொய் பேசுவதில்லை. விசாலமும் மாரில் கைவைத்து, "அப்பாடா" என்றாள்.

ஒரு மாதத்துக்குள் சிங்கப்பூரில் வேலைபார்க்கும் மாப்பிள்ளை அமைந்தார். நல்லவர், அவர்மீது குறையேதும் இல்லை. அவரிடம் எவரும் எதையும் சொல்லாததால் அவரையும் இதில் குற்றமற்றவராகவே கொள்ள வேண்டும்.

இனி, தங்கள் கணக்கிலுள்ள பிழையைக் கூற வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியுள்ளீர்கள். இரண்டு விடுபட்டுவிட்டன.

நிச்சயதார்த்தத்துக்குப் பின் ஒரு செவ்வாய்க்கிழமை செந்தாமரை என் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு பக்கக் கடிதம். "ஐயா, பிழை பாத்துக் குடுங்க. அப்புடியே அவ கையில சேத்துருங்க. அந்த வீட்டுக்குள்ள நீங்கதான் போக முடியும்" என்றாள்.

தாங்கள் வெளியூர்க்காரர்கள், இது வியப்பாக இருக்கலாம். அவள் ஆறாம் வகுப்பு முதல் என் சிவப்பு மை படாத தாள் எதையும் பிறர் கையில் கொடுத்ததில்லை. விடுப்பு விண்ணப்பம், வேலை விண்ணப்பம், அவள் தாத்தாவின் இரங்கல் சுவரொட்டி எல்லாமே என் மேசை வழியாகத்தான் சென்றன. பிழை மிகுந்துவிட்டால் நானே நல்ல தாளில் படியெடுத்தும் தருவேன். என் பணிக்காலத்தில் மாணவர்களிடமிருந்து காதல் கடிதங்கள் பல பறிமுதல் செய்திருக்கிறேன். திருத்தித் தரும்படி ஒருவர் தாமாகவே கொண்டுவந்து நீட்டியது அது ஒன்றே. அற்பனாகிய எனக்கு அப்போது சிறிது பெருமையாகக்கூட இருந்தது.

அவள் எழுதியிருந்ததன் சாரம் இது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருக்கோஷ்டியூர்ப் பெருமாள் கோயில் வாசலில் நிற்பேன். விளக்குப் போடப் போவதாகச் சொல்லிவிட்டு வா. கோயமுத்தூரில் தங்க இடம் பார்த்துவிட்டேன். உனக்கு விருப்பம் இல்லையென்றால் வராதே. அதையே உன் பதிலாக எடுத்துக்கொள்வேன், ஒருநாளும் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். கடைசி வரியில் மழை வரும்போல் இருக்கிறது என்றும், படகை ஓரமாகக் கட்டுவோமா என்றும் இருந்தது.

ஒற்றுப்பிழை இரண்டு இருந்தன. அவற்றை முதலில் திருத்தினேன். பிறகு வெள்ளிக்கிழமையை அடித்தேன். கோயில் வாசலை அடித்தேன். படகுக்கு வந்தபோது பேனா சற்று நின்றது. என் வாழ்நாளில் நான் எழுதிய காதல் வசனம் அது ஒன்றுதான். அது காதல் வசனம் என்பது எழுதியபோது எனக்கே தெரியாது. அதையும் அடித்தேன். படியெடுத்து முடித்தபோது அரைப் பக்கம் எஞ்சியது: உடன்பிறவாச் சகோதரியாக உன்னை என்றும் நினைப்பேன், எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, பெரியோர் சொற்படி நடந்து நன்றாக வாழ்.

இது முந்நூற்றுப் பதின்மூன்றாவது திருத்தம்.

என் மருமகள் அதைக் கொல்லைப்புறக் கதவோரம் நின்று இரண்டு முறை படித்தாள். "தாமரையா மாமா இத எழுதுனா?" என்றாள்.

"பிழைகளை மட்டும் நான் திருத்தினேன்" என்றேன்.

தாளோடு உள்ளே போய்விட்டாள். ஆயினும் பதில் என்று ஒன்று வேண்டுமல்லவா? வராததையே பதிலாகக் கொள்வேன் எனச் செந்தாமரை எழுதியிருந்தாலும், இளம்பிள்ளைகளின் உறுதியை நம்பலாகாது. வீட்டு வாசலுக்கே வந்து நின்றுவிடக்கூடும். சௌபர்ணிகாவுக்கு அகரம் எழுதக் கற்பித்தவன் நான். அவள் கையெழுத்து என் கையெழுத்தின் குழந்தை. வியாழக்கிழமை மாலை நான்கு வரிகள் எழுதினேன். மாப்பிள்ளை பிடித்திருக்கிறது, நாம் பேசியதெல்லாம் விளையாட்டு, என்னைத் தேடாதே, நன்றாக இரு. இது முந்நூற்றுப் பதினான்காவது.

வெள்ளிக்கிழமை நானே திருக்கோஷ்டியூருக்குச் சென்றேன். ஒரு மகான் கோபுரத்தின்மேல் ஏறி இரகசியத்தை ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்ன தலம் அது. நான் எதிரே இருந்த தேநீர்க் கடைக்குள் அமர்ந்திருந்தேன். செந்தாமரை ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். ஒரு பெரிய பை, இரண்டு தண்ணீர்ப் புட்டிகள். பேருந்து வந்து நிற்கும்போதெல்லாம் எழுந்து பார்த்தாள். நான் மூன்றரை மணி நேரமும் அவ்விடத்திலேயே இருந்தேன். உடனே கொண்டுபோய்க் கொடுத்தால் நம்பும்படி இராது. காத்திருந்து களைத்தவர்களே கையில் கொடுப்பதை நம்புவார்கள். மூன்று தேநீர் குடித்தேன். சர்க்கரை வியாதிக்காரன் செய்யத்தகாத செயல்.

ஒரு மணிக்கு அவள் முன் சென்று தாளை நீட்டினேன். படித்தாள். மடித்தாள்.

"ஒரு பிழைகூட இல்ல ஐயா. இதையும் நீங்கதான் திருத்திக் குடுத்தீகளா?"

"ஆம்" என்றேன்.

"வெயில்ல எனக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக" என்று கூறித் திறக்காத புட்டியைத் திறந்து என்னிடம் கொடுத்தாள். குனிந்து என் காலைத் தொட்டாள். நான் ஆசி கூறினேன். தண்ணீரைக் குடித்தேன். குளிர்ச்சியாக இல்லை.

ஆவணியில் திருமணம். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மாலையிட்டுக் கைப்பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணையில் அமர்வாள். நான் கைப்பிடித்தேன். மணைக்கு நாலடி இருக்கும்போது, நாதசுர ஓசைக்கு நடுவே, அவள் தலை நிமிராமலேயே கேட்டாள். "மாமா, தாமரை வேற ஒண்ணுமே சொல்லலயா?"

"இல்லை" என்றேன். நாலடியும் நடந்தாள்.

முன்னர், நான் பொய் பேசுவதில்லை என்று எழுதியுள்ளேன். அவ்வரியை அடித்துவிட எண்ணினேன். அடித்தல் திருத்தல் மிகுந்துவிட்டது, இருக்கட்டும்.

மூன்றாம் வினா: குரல் கலைஞர்களை மீண்டும் அழைக்க இயலுமா?

இயலாது. செந்தாமரை கோயமுத்தூருக்குப் போகவில்லை. புதுவயலில் ஓர் ஆலையின் எடைமேடையில் வேலைபார்க்கிறாள். லாரி எண்களை ஒலிபெருக்கியில் அவள்தான் அழைக்கிறாள். அவ்வழியே பேருந்தில் சென்றபோது கேட்டேன். உச்சரிப்பு மிகத் தெளிவு. சௌபர்ணிகா சிங்கப்பூரில் இருக்கிறாள். "நல்லாத்தாண்ணே இருக்கா. போன்ல சிரிக்கத்தான் மாட்டேங்குறா" என்கிறாள் விசாலம். கடல் கடந்து பேசினால் குரல் அவ்வாறு ஒலிப்பது இயல்பே என்று விளக்கினேன்.

ஆகவே அம்முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளை வேறு எவரையேனும் கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். அன்வர் செய்து தருவான். எஞ்சிய இரண்டும் தங்கள் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டவை. செந்தாமரை எழுதிய மூலக்கடிதம், என் சிவப்பு மையோடு, மேசை இழுப்பறையில் பத்திரமாக உள்ளது. அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பலாமே எனத் தாங்கள் நினைக்கலாம். மூன்று முறை உறையில் முகவரி எழுதினேன். மூன்று முறையும் கையெழுத்து எனக்குத் திருப்தி தரவில்லை.

நான் செய்தது இன்னதென்று ஒரே வரியில் கேட்டால் எழுதித் தருகிறேன்: ஒருவரை ஒருவர் விரும்பிய இரு பெண்களை, இருவருமே தாம் கைவிடப்பட்டதாக நம்பும்படி எழுதிப் பிரித்தேன். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. குற்றம் என்ற சொல்லை மட்டும் என் கை எழுத மறுக்கிறது. திருத்தம் என்பதே பழகிய சொல்.

கடைசியாக ஒன்று. இறுதிக் கட்டத்தைச் சேமித்து அன்வர் என் கணினியில் போட்டுத் தந்திருக்கிறான். அதில் முதலை இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் தோவா படகைப் பற்றிக் கேட்கிறாள். மற்றொன்றை அழுத்தினால் இலின், "கட்டுவோம்" என்கிறாள். நாள்தோறும் காலையுணவுக்குப் பின் அமர்ந்து கேட்கிறேன். இதுவரை இருநூற்று அறுபது தடவை ஆயிற்று. பிழை ஏதேனும் உண்டா என்று பார்க்கத்தான். இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. நாளையும் கேட்க வேண்டும்.