மூட்டு இல்லாத கம்பு

அதான் பாப்பா, மலை ஏற மடக்குற கம்பே எனக்கு வேணாங்குறேன்! நீ பாட்டுக்குச் செருப்பு டப்பாவ ஒதுக்கிட்டு ஒண்ணு ஒண்ணா எடுத்து மேசையில போட்டுக்கிட்டே இருக்க. இது மூணா மடங்குதா? சரி. இது ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகுதா? சரி. ரெண்டுலயும் மூட்டு இருக்கா இல்லியா? இருக்குல்ல? பெறகென்ன! வடமதுரையில இருவத்தெட்டு வருசமாப் பைப்புக் கடை வச்சிருக்கேன். காமராஜ்னு சொல்லு, உங்க அத்தா இஷாக் பாயிக்கு நல்லாத் தெரியும். உங்க மாடி டேங்குக்கு லைன் இழுத்தப்ப சாமான் பூராம் நம்ம கடையிலதான் எடுத்தாரு. அவரு வீட்ல சாப்பிடப் போயிருக்காரா? சரி, வந்ததும் கேட்டுப் பாரு. பைப்பு எங்க ஒழுகும்? மூட்டுலதான் ஒழுகும். மனுசனுக்கு எங்க வலிக்கும்? அதே மூட்டுலதான். மூட்டே இல்லன்னா வம்பே இல்ல. நான் சொல்றது வெளங்குதா?

இந்தா, இதத் திருகி இறுக்கணுங்குற. கை வேர்த்துக் கிடந்தா எப்படி இறுக்குவ? இந்தா, இதுல கிளிப்பு. கிளிப்பு கல்லுல பட்டுத் தொறந்துக்கிட்டா? பாதி மலையில கம்பு சர்ர்ருன்னு உள்ள போயிரும், ஆளு குப்புறக் கிடப்பான்... போகாதுங்குறியா? நீ சொல்லுவ தாயி. விக்கிறவன் என்னைக்கு ஒழுகும்னு சொல்லிருக்கான்? நானே சொன்னதில்ல.

இல்ல, நான் ஏன் இம்புட்டுப் பேசுறேன்னா... எங்க வீட்ல வீரலட்சுமிக்கு இடுப்பு வலி. இன்னைக்கு நேத்து இல்ல, வருசக்கணக்கா. தைலம் தேச்சாச்சு, பெல்ட்டு போட்டாச்சு. போன ஆடியில டாக்டரு சொன்னாரு, படுத்தே கிடந்தா இன்னும் மோசமாயிரும், நடக்க விடுங்கன்னாரு. சரி நடப்போம்னு காலையில ரோட்டுல எறங்குனா நாயி வெரட்டுது. அப்பத்தான் இந்தத் தமிழ்மதி வந்து சேந்துச்சு. பேங்க்ல வேலை பாக்குற புள்ள. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பத்திருவது பேரக் கூட்டிக்கிட்டு சிறுமலையில ஏறும். நாம நடக்குறோம், அது ஓடுது! மலையில யாராச்சும் ஓடுவாகளா பாப்பா? வெரட்டுனாத்தானே ஓடணும்? கையில ரெண்டு கார்பன் கம்பு, தூக்கிப் பாத்தேன், கொத்தமல்லிக் கட்டு கனங்கூட இல்ல. ஊனி ஊனித் தாவிப் போகுது, வெள்ளாடு கெட்டுச்சு போ!

மொதத் தடவ நாங்க ரெண்டு பேரும் வெறுங்கையோடதான் போனோம். ஏறுறப்ப ஒண்ணும் தெரியல. எறங்குறப்ப வீரலட்சுமிக்கு முழங்கால் வெடவெடன்னு ஆடிப்போச்சு. சரி, இனி வர மாட்டாள்னுதான் நெனச்சேன். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உக்காந்து என்ன கேட்டா தெரியுமா? 'அடுத்த மாசம் எந்தத் தேதி?'ன்னா. இருவத்தாறு வருசத்துல என்னோட ஒரு எடத்துக்கு வர அவளாக் கேட்டது அன்னைக்குத்தான் பாப்பா. கல்யாணம் காச்சின்னாக்கூட 'நீங்க போயிட்டு வாங்க'ம்பா. எனக்கு எம்புட்டுச் சந்தோசம்னு நெனைக்கிற! மறுநா கடையில பேரம் பேசுனவன் பேசாதவன் எல்லாத்துக்கும் கொறச்சுக் குடுத்தேன்.

இப்ப வர மாட்டேங்குறா. வர்ற ஞாயிறு போகணும். 'நீங்க போங்க, எனக்கு வேலை கிடக்கு'ங்குறா. சண்டை இல்ல, சத்தம் இல்ல. சண்டை போட்டாலாவது சமாதானம் பேசலாம்ல? அதான் தாங்கல எனக்கு. எல்லாம் அந்தப் பாழாப்போன கம்பால வந்த வினை. அவ மறுபடி மலைக்கு வரணும், அதுக்கு ஒரு நல்ல கம்பு குடு. வேற ஒண்ணும் கேக்கல.

எந்தக் கம்பாலயா? ஆமா, அதச் சொல்லல பாரு... தமிழ்மதி அப்பவே ஒரு பாட்டம் படிச்சுச்சு. கையில பிடிச்சா முழங்கை 'ட' போட்ட மாதிரி நேரா மடங்கி நிக்கணுமாம். ஏறுறப்பக் கொறைக்கணுமாம், எறங்குறப்பக் கூட்டணுமாம். ஆளுக்கு ஆளு அளவு மாறுமாம், அக்காவக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி, பிடிச்சு நிக்கச் சொல்லிப் பாத்து வாங்குங்க சார்னு வேற. கம்பு வாங்குறதுக்கு ஜாதகப் பொருத்தம் பாக்கச் சொல்லுவ போலயேம்மான்னேன். அட, நாம தினம் பைப்போட பொழங்குற ஆளு. நமக்கு ஒருத்தி அளவு சொல்றதா?

போன்ல தேடுனேன். ஆம்புட்டுச்சு பாரு ஒண்ணு! ஒத்தப் பைப்பு, அலுமினியம், மூட்டே கிடையாது, தலையில இருந்து கால் வரைக்கும் ஒரே குழா. தட்டிப் பாத்தா கணீர்னு இருக்கு. ரெண்டு ஜோடி எடுத்தா ரெண்டு தொப்பி இனாம். எடுத்துட்டேன். நீளமா? நூத்தி இருவத்தஞ்சு சென்டிமீட்டரு. எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி. இது வரைக்கும் நான் செஞ்சதுல தப்பு என்ன இருக்கு, நீயே சொல்லு?

சரி, தூக்கிட்டுப் போறது கஷ்டம். ஒத்துக்கிறேன். மலையடிவாரத்துக்கு டவுன் பஸ்ஸுலதானே போகணும், நாலு கம்பையும் நட்டமா பிடிச்சுக்கிட்டு நின்னா கண்டக்டரு பாத்துட்டு, 'அண்ணே, பழனி பஸ்ஸு அங்கிட்டு நிக்குது, இது போகாது'ங்குறான். பஸ்ஸே சிரிக்குது. வீரலட்சுமி அப்பவே மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நான் கண்டுக்கல.

அவளுக்கு நீளம் ஜாஸ்தியாத்தானே இருந்திருக்கும்னு கேக்குறியா? அதான் அறுத்துட்டேன்ல. என்ன முழிக்கிற? அறுக்கக் கூடாதா? பைப்பத்தானே பாப்பா அறுத்தேன்! நம்ம கடையில ஆக்ஸா பிளேடு இல்லாமலா? பதினாறு இஞ்சு, ரெண்டே நிமிசம். அடியில கூரா ஒரு மொனை இருந்துச்சு, அது அறுத்த துண்டோட போயிருச்சு. போனாப் போகுதுன்னு பிளாஸ்டிக் சேர் காலுக்கு மாட்டுவோம்ல ரப்பர் புஷ்ஷு, அதுல ரெண்டப் போட்டு அடிச்சேன். கிண்ணுன்னு உக்காந்துச்சு. கம்பெனிக்காரன்கூட அம்புட்டு நேர்த்தியாப் போட்டிருக்க மாட்டான்.

போன மாசம் மலைக்குப் போறதுக்கு முந்துன நா ராத்திரி மழை வேற பேஞ்சிருச்சு. பாறையெல்லாம் ஈரம். புஷ்ஷு வழுக்கிருச்சு. மழை பேஞ்சா நான் என்ன செய்ய முடியும்? நான் என் கம்ப ஊனிக்கிட்டு ஜோரா முன்னாடி போயிட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா, தமிழ்மதி அவளத் தூக்கி விட்டுக்கிட்டு இருக்கு. உள்ளங்கையில தோலு உரிஞ்சு... பெரிய காயமெல்லாம் இல்ல. ஆனா நான் எறங்கி வர்றதுக்குள்ள அவ சேலைய ஒதறிக்கிட்டு நின்னுட்டா. 'ஒண்ணுமில்ல, நீங்க போங்க'ன்னா. அப்பயும் போங்கதான். தமிழ்மதி கேட்டுச்சு, 'ஏங்க்கா இப்படிக் குனிஞ்சே நடக்குறீங்க?'ன்னு. நான்தான் சொன்னேன், அவ நடையே அப்படித்தாம்மான்னு.

மறுநா காலையில பாக்குறேன், கொல்லையில அவரைக்கொடிக்குப் பக்கத்துல ரெண்டு கம்பையும் நட்டு வச்சிருக்கா. திட்டல, கோவிக்கல, நட்டு வச்சுட்டா! அந்த அவரையும் நாலே நாள்ல வளையம் வளையமாச் சுத்திக்கிருச்சு. இனிப் புடுங்கவும் முடியாது. நல்லாத்தான் காய்க்குது, சும்மா சொல்லக் கூடாது. ரெண்டு நாளா சோத்துக்கு அந்த அவரைக்காதான் வெஞ்சனம். எனக்குத்தான் தொண்டையில எறங்க மாட்டேங்குது.

உசரமா? யாரு, வீரலட்சுமியா? அது... என் நெஞ்சுக்கு... இல்ல, தோளுக்கு வருவான்னு வச்சுக்க. சரியாச் சொல்லணுமா? சரியான்னா... எப்பவும் எனக்குப் பின்னாடி வார ஆளு. பக்கத்துல நிக்க வச்சு யாரு பாத்தா? கல்யாணப் போட்டாவுல நான் உக்காந்திருக்கேன், அவ நிக்கிறா. அதுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வெளியதான் நிக்கிறா. இந்தா, எதுத்தாப்புல வேப்பமரத்தடியில, நம்ம வண்டிகிட்ட. பட்டுச் சேல கட்டியிருக்கால்ல, அவதான். இங்கதான் மண்டபத்துல அவ அண்ணன் வீட்டு முகூர்த்தம், தட்ட முடியாம வந்தா, முடிச்சுட்டு வாரோம். கம்புக் கடைன்னதும் உள்ள வர மாட்டேன்னுட்டா. நீ கேட்டாலும் வேணான்னுதான் சொல்லுவா. அவளுக்கு எதக் கேட்டாலும் வேணாந்தான்.

பின்ன எத வச்சு அறுத்தேனா? நல்லாக் கேட்ட போ! கண்ணளவுல அறுக்க நான் என்ன கூமுட்டையா? மேடைய வச்சு அறுத்தேன். எங்க அடுப்படி மேடை. காலையில அவ நின்னு தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. முழங்கை நேரா மடங்கணும்னு தமிழ்மதி சொல்லுச்சுல்ல, அப்பக் கம்பு முழங்கை உசரம் வரணும்ல? பாத்தேன். முழங்கை மேடைக்கு நாலு விரக்கடை, மூணு இஞ்சு, மேல நிக்குது. மேடை முப்பது இஞ்சு, அது எனக்குக் கண்ண மூடிக்கிட்டுத் தெரியும், பக்கத்துல நின்னு கட்டுனவன் நானு. முப்பதும் மூணும் முப்பத்திமூணு. கணக்கு எங்க இடிக்குது?

செத்த நேரம் பொறு, இந்தக் கிளிப்பு வச்சதப் பாக்குறேன்... ம்... பிடிமானம் பரவால்ல. இதுல கோடு கோடா அளவு போட்டிருக்கான், பேஷ்... என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், மேடை. குனிஞ்சுதான் ஊத்துவா. அடுப்படியில பின்ன நிமிந்தா நிப்பாக? அந்த மேடை எங்கம்மா உசரத்துக்குக் கட்டுனது. எங்கம்மா குட்டை, இந்தா, இந்த மேசைக்குக் கொஞ்சம் மேல இருக்கும். எனக்குக் கல்யாணத்துக்கு மூணு மாசம் முந்தி கட்டுனோம். கொத்தனாரு வீரண்ணன் அப்பவே கேட்டாரு, 'தம்பி, மருமக வரப்போகுது, ரெண்டு கல்லு தூக்கிப் போடுவமா?'ன்னு. வர்றவ வந்து பழகிக்கிருவான்னுட்டேன். வந்தா, பழகிக்கிட்டா. எங்கம்மா போயி பதினஞ்சு வருசமாச்சு. மேடை அப்படியேதான் இருக்கு, நல்ல கடப்பாக் கல்லு, ஒரு கீறல் கிடையாது...

டாக்டரு ஒண்ணு கேட்டாரு பாப்பா. 'குனிஞ்சுக்கிட்டே செய்ற மாதிரி வேலை எதும் இருக்காம்மா?'ன்னு அவளப் பாத்துத்தான் கேட்டாரு. நான் முந்திக்கிட்டேன். 'அதெல்லாம் இல்ல சார், வீட்லதான் சும்மா இருக்கா'ன்னேன்.

சும்மா இருக்கான்னேன் பாப்பா.

அவளும் தலைய ஆட்டுனா. இருவத்தாறு வருசம்... மூணு வேளை... அந்தக் கம்பப் பிடிச்சுக்கிட்டு மலையில அவ எப்படிக் குனிஞ்சு நடந்தாளோ, அப்படியேதான் அடுப்படியிலயும் நிக்கிறா. அதே வளைவு. நான் அந்த வளைவப் பாத்துத்தான் அளவே எடுத்திருக்கேன். மலையில வந்து ஒரு நா நிமிரலாம்னு பாத்தவளுக்கு, மேடைய அறுத்து ரெண்டு கையிலயும் குடுத்திருக்கேன். செத்த தண்ணி இருந்தாக் குடு...

பாப்பா? எங்க போச்சு இந்தப் புள்ள? ஏம்மா! கல்லாவத் தொறந்து போட்டுட்டு எங்க... இம்புட்டு நேரமும் செருப்பு டப்பாகிட்டயா பேசிக்கிட்டு இருந்தேன்?

அட, ரோட்டுக்கு அங்கிட்டு நிக்குது! கம்ப எடுத்துக்கிட்டு நேரா அவகிட்டயே போயிருச்சா... குடுத்துட்டுச்சு. வாங்கிட்டா! வேணாங்காம வாங்கிட்டா பாரு. கிளிப்ப இழுக்குது, ஏத்துது... இன்னும் ஏத்துது... ஏ, இம்புட்டு நீளமா? அவளுக்கா? இந்தா ஊனி நிக்கிறா. முழங்கை நேரா மடங்கி... நிமிந்துட்டா.

ஏ அப்பா! யாரு இவ? வண்டிக்குப் பக்கத்துல எனக்குச் சரியா நிப்பா போலயே! தோளாவது நெஞ்சாவது, என் காதத் தொடுவா. நடக்குறா... பட்டுச் சேலையோட, ரெண்டு கம்பையும் ஊனிக்கிட்டு, டீக்கடையத் தாண்டி... எல்லாப் பயலும் பாக்குறான். பாக்கட்டும்! அந்தப் புள்ள என்னமோ சொல்லுது, இவ சிரிக்கிறா.

இருக்கட்டும்... செல்போன எங்க வச்சேன்... வீ... வீர... ஆங்.

அலோ! வீரண்ணே, காமராஜு, பைப்புக் கடை. நல்லா இருக்கேண்ணே. நாளைக்கு வேலை எதும் ஒப்புக்கிட்டீகளா? இல்லல்ல, பைப்பு இல்ல, பாத்ரூமும் இல்ல. நம்ம வீட்டு அடுப்படி மேடை. ஆமா, நீங்க கட்டுனதுதான். ஒடைக்கணும். வெடிப்பா? ஒரு வெடிப்பும் இல்ல, கல்லு மாதிரி நிக்குது. ஒடைச்சுத்தான் ஆகணும். ஆமாண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னீக, நான்தான் கேக்கல. இப்ப அதக் கிண்டாதீக. என்னது, எத்தன இஞ்சா? முப்பத்தி...

இல்லண்ணே, இருங்க, நான் சொல்லல. லைன்லயே இருங்க, அவ அங்கிட்டு முன்னாடி போயிக்கிட்டு இருக்கா. ஓடிப் போயி அவளையே கேட்டுச் சொல்றேன்.