பன்னிரண்டாவது ஸ்லைடு

கீதாஞ்சலி: ...ஆக, பன்னிரண்டாவது ஸ்லைடை மட்டும் விட்டுடணும். ஏன்?

மகேஷ்: அது... நல்லாத்தானே இருக்கு. கை வைக்க வேண்டாமே.

கீதாஞ்சலி: நாற்பது ஸ்லைடு மகேஷ். ஆளுக்கொரு ஃபாண்ட்ல அடிச்சு வெச்சிருக்கீங்க. எல்லாமே ஏரியல், எல்லாமே கருநீலம்னு நம்ம மேனேஜர் சுபீர்தா சொல்லிட்டார். நாலு மணிக்கு பெஹாலா ஃபேக்டரிக்காரங்க வந்துடுவாங்க.

மகேஷ்: நான் கையாலேயே மாத்திடறேனே...

கீதாஞ்சலி: ஸ்லைடைத் திருத்தறதுக்குன்னே ரெடிமேட் கோட் லைப்ரரி எதுக்கு இருக்கு? என் புரோகிராம் ஃபைலைத் திறக்கும். ஒரே மாதிரி எழுத்து இருக்கற இடத்தை ஒவ்வொரு துண்டா எடுத்து, ஃபாண்ட், கலர் மாத்தும். ஒரு புள்ளியைக்கூட விடாது.

மகேஷ்: அதான்...

கீதாஞ்சலி: அதான்?

மகேஷ்: டீ குடிச்சிட்டு வரலாமா?

கீதாஞ்சலி: மூணாவது தடவை கேக்கறே. ஓட்டிட்டேன்.

மகேஷ்: ஓட்டிட்டியா?

கீதாஞ்சலி: முடிஞ்சே போச்சு. அரே... பன்னிரண்டுல கீழ ஒரு வரி முளைச்சிருக்கு. வெள்ளை ஸ்லைடுல வெள்ளை எழுத்தா ஒளிஞ்சிட்டு இருந்திருக்கு. ஆனா ஒண்ணும் புரியல. இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா ஏதோ கிறுக்கல்.

மகேஷ்: ஏரியல் ஆக்கினதுல தமிழ் ஃபாண்ட் போயிடுச்சு... அப்பாடா.

கீதாஞ்சலி: தமிழா?

மகேஷ்: சும்மா டெஸ்ட் பண்ணேன். அழிச்சிடு.

கீதாஞ்சலி: சனிக்கிழமை மாத்தலாகி சென்னைக்குப் போறவர் வெள்ளைல டெஸ்ட் பண்ணிட்டுப் போறாராக்கும். பழைய ஃபாண்ட் பேரைக் குறிச்சு வெச்சிட்டுத்தான் என் புரோகிராம் மாத்தும். இதோ, திரும்ப வந்தாச்சு.

மகேஷ்: வந்தா வரட்டும். நீ ஜாதவ்பூர்ல பெங்காலி மீடியம். வீட்டுல பேசற தமிழோட சரி. ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அந்த தைரியத்துலதான்...

கீதாஞ்சலி: தைரியத்துலதான்?

மகேஷ்: ...எழுதினேன்.

கீதாஞ்சலி: "என்னோட சென்னைக்கு வந்துடறியா"ன்னு கேக்க, பாய்லர் படம் போட்ட ஸ்லைடுதான் கிடைச்சுதா? என்ன, டீ வேண்டாமா?

மகேஷ்: நீ... எப்படிப் படிச்சே?

கீதாஞ்சலி: போன வாரமே, கலரை மட்டும் மாத்தி ஓட்டிப் பார்த்தேன். அப்பவே மாட்டிச்சு. லேக் மார்க்கெட்ல அம்மா வாங்கின அப்பளக் கட்டோட அட்டைல தமிழும் இங்கிலீஷும் அச்சடிச்சிருக்கும்; அதைப் பக்கத்துல வெச்சிட்டு, எழுத்து எழுத்தா ஒத்துப் பார்த்தேன். ஆறு நாள் ஆச்சு.

மகேஷ்: வீட்டுல யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்.

கீதாஞ்சலி: அப்பாகிட்டயா?

மகேஷ்: ...சரி, நேரமாகுது. அழிச்சிடறேன்.

கீதாஞ்சலி: அழி. அழிச்சிட்டு பதிமூணைத் திற. அங்க ஒரே ஒரு துண்டைத் தொடாதேன்னு என் புரோகிராம்கிட்ட நானே சொல்லி வெச்சிருக்கேன். வெள்ளைலதான் இருக்கு. "சரி"ன்னு ரெண்டே எழுத்து... அதைத் தேடி அடிக்க எனக்கு ஞாயித்துக்கிழமை முழுசும் ஆச்சு.