நழுவிய மீனும் போடாத நங்கூரமும்

எனக்கு வயது எழுபத்தொன்று. படகுத்துறைக்குப் பின்தெருவில், மாவு மில்லுக்கு மேல் மாடியில், மகனோடும் மருமகளோடும் குடியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதிவேட்டில் உள்ள பெயரை மீன்வளத் துறை அதிகாரி இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதிக்கொண்டார். படகுத்துறையில் விசாரிப்பதானால் பேக்கரிக்காரர் என்று கேட்க வேண்டும். நான் சொல்லச் சொல்லத் தாமே எழுதிக்கொள்வதாக அதிகாரி சொன்னார். போன வருடம்தான் எழுதப் பழகினேன், நேரமானாலும் நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் நாற்காலியை ஜன்னல் ஓரம் போட்டுக் கொடுத்தார். இப்போது இரண்டாவது டீ வந்திருக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று இன்ஜின் படகுகளில் புறப்பட்டோம். ஒன்று என்னுடையது. ஒன்று என் சம்பந்தியுடையது, அதாவது மருமகளின் தகப்பனாருடையது. மற்றது பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவருடையது. வருடத்தில் ஐந்து நாள் தீவு தீவாகப் போய், மீன் பிடித்து, மணலில் படுத்து எழுந்து வருவது எங்கள் வழக்கம். அதைவிடச் சுகமான ஐந்து நாள் எனக்கு வேறு இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மூன்று படகையும் சேர்த்துக் கட்டுவோம். மூன்று நங்கூரம் போட்டால் கயிறு சிக்கிக்கொள்ளும் என்பதால் நடுப் படகின் நங்கூரத்தை மட்டும் இறக்குவோம். நடுவில் நிற்பது எப்போதும் சம்பந்தியின் படகு. அதில்தான் வெயிலுக்குக் கூரை உண்டு. நங்கூரம் போடுவது முந்தின நாள் அதிக மீன் பிடித்தவரின் வேலை. ஜெயித்தவனுக்குத் தலையில் கனம் ஏறாமலிருக்கக் கையில் கனம் கொடுக்க வேண்டும் என்று டிரைவர் வைத்த சட்டம் அது.

புதன்கிழமை நான் ஒன்பது மீன் பிடித்தேன், டிரைவர் ஐந்து, சம்பந்தி இரண்டு. மாவு பிசைந்த கை, அதான் மீன் தானாக வந்து ஒட்டுகிறது என்று சம்பந்தி சொல்லிக்கொண்டே இருந்தார். ஆகவே வியாழக்கிழமை முறை என்னுடையது.

அன்று பன்னிரண்டரை மணிக்கு இரண்டு தீவுகளுக்கு நடுவே படகுகளைக் கட்டினோம். அதன் பிறகு அவர்கள் இருவரும் கூரைக்குள் குனிந்து ரொட்டி வெட்டிக்கொண்டும் மீன் வறுத்துக்கொண்டும் இருந்தார்கள். நான் நடுப் படகின் முன்பக்கம் நங்கூரத்தைக் கையில் தூக்கினேன். அந்த நேரம் பார்த்துக் கம்பியில் கட்டியிருந்த என் தூண்டில் இழுத்தது. நங்கூரத்தைப் பலகையிலேயே வைத்துவிட்டுத் தூண்டிலைப் பிடித்தேன். அப்படி இழுத்த மீனை என் ஆயுசில் கண்டதில்லை. அதைத் தண்ணீருக்கு மேல் பாதி தூக்கிவிட்டேன். பிறகு முள் நழுவி, மீன் தொப்பென்று விழுந்து போய்விட்டது. உள்ளே இருந்த இருவரும் அந்தச் சத்தத்தை நங்கூரம் விழுந்த சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மீன் போனதைச் சொன்னால் அடுத்த வருடம் வரைக்கும் கேலி நிற்காது. எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்ற ஒரே யோசனையில் தூண்டிலை மறுபடி தண்ணீரில் போட்டு, கை துடைத்த துண்டைக் கீழே எறிந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். துண்டு நங்கூரத்தின் மேல் விழுந்து கிடந்திருக்கிறது. நங்கூரம் அடியோடு மறந்துபோனது.

அதன் பிறகு ஒன்றேகால் மணி நேரம் சாப்பிட்டோம், பேசினோம். தூண்டில் மூன்றும் தண்ணீரில் கிடந்தன. நீரோட்டம் எங்களைத் தொட்டில் போல் ஆட்டிக்கொண்டே கொண்டுபோயிருக்கிறது. முதலில் மஞ்சள் மிதவையைக் கண்டது நான்தான். அதன் பலகையில் இரண்டு பக்கமும் எழுத்து இருந்தது. ஆடுகிற பலகையை எழுத்துக் கூட்டி, மீன் பிடிக்கத் தடை செய்யப்பட்ட பகுதி என்று உரக்கப் படித்து முடித்தேன். நடுக்கடலில் படித்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டிரைவர் சொன்னார்: "அண்ணே, தப்பில்லாம படிச்சீங்க. ஆனா அந்த போர்டு நமக்குப் பின்னாடி இருக்கு."

அதற்குள் காவல் படகு வந்துவிட்டது. காய்ந்த நங்கூரத்தையும் நனைந்த தூண்டில்களையும் பார்த்து, வேண்டுமென்றே மிதந்து உள்ளே வந்ததாக எழுதினார்கள். நங்கூரம் சம்பந்தியின் படகில் இருந்ததால் அவர் படகைக் கரைக்குக் கொண்டுவந்து சங்கிலி போட்டுக் கட்டினார்கள்; உரிமமும் ரத்தாகும் என்றார்கள். தாம்தான் மறந்துவிட்டதாகச் சம்பந்தி சொன்னார். இல்லை, தாம்தான் என்று டிரைவர் சொன்னார். யார் முறை என்று தெரிந்தும் இருவரும் அப்படிச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை.

சம்பந்தியம்மா காலமான பிறகு, காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு அவர் போக இருக்கும் ஒரே இடம் அந்தப் படகு. வெள்ளியும் சனியும் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று மருமகள் சோறு போடும்போது சொன்னாள். ஆகவே இன்று இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து, வெளி பெஞ்சில் வைத்து நடந்ததைச் சொன்னேன். சம்பந்தி மீன் எவ்வளவு பெரிது என்று மட்டும் கேட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். டிரைவர் என் கைகளைப் பிடித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

இப்படி எழுதிக் கொடுத்தால் குற்றம் என் மேல் வரும், சம்பந்தியின் படகை மாலைக்குள் விட்டுவிட்டு என் படகை ஆறு மாதம் கட்டிவைப்பார்கள் என்று அதிகாரி விளக்கினார். சம்மதம் என்றேன். அதை ஜன்னல் வழியாகக் கேட்ட சம்பந்தி சொன்னதையும் எழுதுகிறேன்: "ஆறு மாசமும் என் படகுல வாங்க சம்பந்தி. நங்கூரத்த மட்டும் தொட்டுராதீங்க."

அந்த மீனை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் இதில் உள்ளது அத்தனையும் உண்மை. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ எழுதவில்லை. முழுவதும் ஒரு தடவை வாசித்துப் பார்த்து, அதிகாரி பழக்கத்தில் எடுத்து வைத்த கைரேகை மையைத் தள்ளி வைத்துவிட்டு, கீழே கையெழுத்துப் போடுகிறேன்.