பாலர் வகுப்பைப் பேசவைத்த ரெங்கம்மாள் அம்மையாருக்கு

மழலையை மதித்த மாண்பே! பொறுமையின் பொற்குன்றே! சமயநல்லூர்ச் சாலையோரப் பாடசாலையில் பாலர் வகுப்பைப் பல்லாண்டு பரிவோடு பேணிய பெருந்தகை ரெங்கம்மாள் அம்மையீர்! இன்று ஓய்வு பெறும் தங்களுக்கு எங்கள் உளமார்ந்த வணக்கம்.

தாங்கள் பொறுப்பேற்ற நாளில், பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கு 'உம்', 'ஊஹூம்' இரண்டு மட்டுமே பேச்சு. தாங்கள் பிள்ளைகளைக் கடியவில்லை. காலையில் அவர்களை விட வந்த தாய்மாரைத்தான் நிறுத்தி, வீட்டில் பிள்ளைகளோடு பேசச் சொன்னீர்கள்.

"நடவுக்கு ஓடுற அவசரத்துல இதுககிட்ட என்னத்தப் பேச, வாத்தியாரம்மா? எம் புருசங்கிட்டயே பேச நேரமில்ல" என்றார் மாயக்காள்.

"புருசன் கெடக்கட்டும். கஞ்சி ஊத்தயில கஞ்சியப் பத்திப் பேசு, தாயி. தலை சீவயில பேனப் பத்திப் பேசு" என்றீர்கள்.

சிரித்துக்கொண்டே போனவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஆண்டு திரும்புமுன் வகுப்பு குருவிக்கூடாயிற்று.

அப்போதுதான் பாடசாலைகளைச் சோதிக்க வந்தார் இன்ஸ்பெக்டர்! சரிகைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு. என்ன கேட்டும் பதில் இல்லை. அத்தனை பிள்ளைகளும் எழுந்து, தலை குனிந்து, கையால் வாய் பொத்தி நின்றார்கள்.

"பேசாத பிள்ளைகளுக்கு வகுப்பு எதற்கு? மூடிவிடலாம்" என்றார். தாங்கள் பதறவில்லை.

"ஐயா, பண்ணையார் முன்னால் இவர்களின் தகப்பன்மார் இப்படித்தான் நிற்கிறார்கள். தலைப்பாகையைக் கண்டால் வாய் திறக்கலாகாது என்பது வீட்டில் படித்த பாடம். தயவுசெய்து அதைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்காருங்கள்."

இன்ஸ்பெக்டர் தங்களை முறைத்தார். பிள்ளைகளைப் பார்த்தார். தலைப்பாகையை இறக்கி வைத்தார், அமர்ந்தார். வழுக்கை மின்னியது. சிறுமி தங்கப்பொண்ணு வாயிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள்.

"ஏந் தாத்தா, ஒங்க தலையில நாத்து நடலையா?"

"நட்டாகடி! ஆடு மேஞ்சிருச்சு!" என்றான் பக்கத்தில் நின்ற முத்திருளன்.

பிறகு ஓய்ந்ததா பேச்சு? அது யார் வீட்டு ஆடு, எந்தப் பக்கமாக ஏறியது என்று மணியடிக்கும்வரை வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொன்னவர் இன்ஸ்பெக்டர்! வகுப்பு பிழைத்தது.

பிள்ளைக்கு அறிவில்லை என்று சொல்லுமுன் அதன் வாயை அடைத்தது எது என்று பார்க்கக் கற்றோம், தங்களிடம்.

அன்பின் அம்மையீர்! நோய்நொடி அண்டாமல், நெஞ்சம் நிறைந்து, நெடுங்காலம் நலமோடு வாழ்வீராக!

இன்று காலை, இடுப்பில் பிள்ளையோடு புதிதாக வந்த தாய் செல்லக்கிளி வாசலிலேயே தயங்கினாள். "அந்த அம்மா போறாகளாமே. எம் பிள்ளை இனி யாருகூடப் பேசும்?"

"எங்ககூட" என்று சொல்லிக் கை நீட்டினோம். பிள்ளையைத் தந்துவிட்டு நடவுக்குப் போனாள், அம்மையீர்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத
பாடசாலை உபாத்தியாயர்கள்
சமயநல்லூர், 1941