சுபாங்கனை ஐஸில வைக்கிற கதை

இல்லைப் பிள்ளை, எனக்கொரு கோபமுமில்லை. இருங்கோ. நீங்கள் லோயர், உங்கட ஆளுக்காகக் கதைக்கத்தானே வேணும். அந்த ஆள், சுபாங்கன், என்ர மகன் எண்டதால இதுக்கு நானும் ஓமெண்டுவன் எண்டு நினைச்சிட்டீங்கள்.

ஓம், சட்டத்தில தடையில்லை, விளங்குது. ஆயுள் தண்டனைக்காரன் எண்டாலும் செத்தாப்பிறகு அவன்ர உடம்பு அவனுக்குத்தான். அந்த ஐஸ்காரர் அதை உறைய வைச்சா, தன்ர கான்சருக்கு மருந்து வாற காலத்தில எழுப்புவினம் எண்டு நம்புறவன். சரி, எழும்பினா மிச்சத் தண்டனை? ஆர் அவனைப் பூட்டி வைக்கிறது?

சயந்தினி எழும்புவாளே? என்ர மருமோள். ஹ்விடோவ்ரேயில, அவையின்ர வீட்டுக் குசினிக்குள்ள அவளைக் குத்திக் கொலை செய்துபோட்டு எனக்குத்தான் போன் அடிச்சவன், அம்மா, பிள்ளையை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. நான் போகேக்க பேத்தி சாருஜா வெளிப்படியில வெறுங்காலோட இருந்தவள், சின்னப்பிள்ளை. அண்டையில இருந்து என்னோடதான்.

பாசமில்லையோ எண்டு கேக்கிறீங்கள். மாசாமாசம் டோஸ்ட்ருப்பில ரெயின் ஏறிச் சிறைக்குப் போனனான். அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டு வருவன். அதே கைதான் பிள்ளை. எண்டாலும் பிடிச்சனான்.

சாருஜாவுக்கும் தெரியவேணும் எண்டு தேப்பன்ர இந்த ஐஸ் கதையைப் போனமுறை நீங்கள் அவளுக்கு விளங்கப்படுத்தினனீங்கள். அதுக்குப்பிறகு அவள் அறைக்கதவுக்குக் கதிரையை முட்டுக் குடுத்துப்போட்டுத்தான் படுக்கிறவள். ஹான் கொம்மர் டில்பேய எண்டு டெனிஸில சொல்லுவாள். அவர் திரும்பி வருவாராம். நீயும் நானும் இல்லாத காலத்திலயடி எண்டு சொல்லிப்பாத்தன். அப்ப என்ர பிள்ளையளிட்ட வருவார் எண்டாள்.

இல்லை, அவனுக்குப் போன் அடிக்காதேங்கோ. அவனே என்னோட கதைச்சா நான் இளகுவன் எண்டு பாக்கிறீங்கள். போனை வையுங்கோ பிள்ளை. அவன் இண்டைக்குக் காலமை செத்துப்போனான். அந்த ஐஸ்காரருக்கும் இனிச் சொல்லிப் பிரயோசனமில்லை. செத்த கையோட குளிராக்கவேணும், பிந்தினா மூளை பழுதாப்போடும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆஸ்பத்திரியில இருந்து தாய் எண்டு எனக்குத்தான் முதல் அடிச்சவை. லோயருக்கு அறிவிக்கட்டோ எண்டு கேட்டவை. வேண்டாம், நானே சொல்லுறன் எண்டனான்.

இந்தா, சொல்லிப்போட்டன்.