புதுக் குட்டிங்க பன்னெண்டு

இல்ல டாக்டரம்மா, அது பழைய கொட்டில். புதுப் பன்னிக்குட்டிங்கள பின்னாடி தனியா வெச்சிருக்கேன், வாங்க. பார்த்து, வழுக்கும்.

பன்னெண்டு வாங்கினேன். இன்னிக்குப் பத்தாம் நாள். இப்ப ஒம்போதுதான் இருக்கு.

வந்த அன்னிக்கு நல்லாதாங்க இருந்துச்சு. வண்டிய விட்டு எறக்கினதும் ஒன்னொன்னா தூக்கிக் கண்ணு, மூக்கு, தொப்புள்னு எல்லாம் பார்த்தேன். காய்ச்சலா? தெனம் ரெண்டு வேளை பார்த்தேனே. தெர்மாமீட்டர் வெக்கறதுக்குள்ள அதுங்க போடற சத்தத்துக்கு ஊரே கூடிடும். இந்தாங்க நோட்டு. கோழி கிளறின மாதிரி இருக்கும், குடுங்க, நானே படிக்கறேன்.

நாலாம் நாள், இங்க. முதுகுல நீல மை வெச்ச குட்டி. மத்ததெல்லாம் தொட்டிக்கு முண்டியடிக்குது, இது செவுத்தப் பார்த்து நிக்குது. நூத்தி ரெண்டு இருக்க வேண்டிய சூடு நூத்தி அஞ்சு. வண்டியில வந்த அலுப்புன்னு நெனச்சேன். மறுநாள் மூணு குட்டிக்கு. வெளிய வெயில் கொளுத்துது, உள்ள இதுங்க ஒன்னுமேல ஒன்னு ஏறிப் படுத்து நடுங்குது. அப்புறம் காதெல்லாம் ஊதாவாயிடுச்சு. முந்தாநாள் ஒன்னு போச்சு, நேத்து ஒன்னு. இன்னிக்கு விடிஞ்சதும் நீல மை. என் மடியிலதான்.

ஏன் அன்னிக்கே கூப்பிடலையா? கூப்பிட்டா நோய்னு ஆயிடும். கூப்பிடாத வரைக்கும் அலுப்பு. அப்படித்தான் மனசத் தேத்திக்கிட்டேன்.

பழைய பன்னிங்க நல்லா இருக்கு. அந்தப் பக்கம் நான் எட்டியே பாக்கறதில்ல, எங்க வீட்டுக்காரர்தான் பாத்துக்கறார். வாளிகூட தனித்தனி.

ரத்தம் எடுக்கணுமா? எடுங்க. நான் பிடிச்சுக்கறேன்.

வேற எங்கயாவது போனேனான்னா... போனேங்க.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் என் நாத்தனார் இருக்கா. தனியாள். அவளும் பன்னிதான் வளக்கறா. ஆறு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல. இந்தக் குட்டிங்க வந்த மறுநாள் அவ வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. அங்கேர்ந்து போன் பண்ணினா. அண்ணி, உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா, என் பன்னிங்களுக்கு ஒரு வாய் தீவனம் வெச்சிடுங்கன்னா. ஆறு வருஷத்துக்கப்புறம் அண்ணின்னு கூப்பிட்டா டாக்டரம்மா. எனக்குத் தலகால் புரியல. இந்தக் கொட்டில்ல வேலைய முடிச்ச கையோட, இதே செருப்போட, இதே புடவையோட ஓடினேன். எங்க பழைய கொட்டிலுக்கு அவ்வளவு பாத்தவ, அங்க போறப்ப அது தோணவே இல்ல. காய்ச்சல் தெரிஞ்சப்புறம் தேச்சுக் கழுவிட்டுத்தான் போனேன். அதுக்குள்ள மூணு நாள் ஆயிடுச்சு.

அவகிட்ட ஒரு சினைப்பன்னி இருக்கு, இந்த வாரம் குட்டி போடணும். நேத்துலேர்ந்து எழுந்திருக்கல.

இதுங்கள விடுங்க. நீங்க கை கால் கழுவி, சட்டைய மாத்திட்டு மொதல்ல அங்க போங்க. நான் வரல, வாசல் வரைக்கும்கூட வரல, வழி மட்டும் சொல்றேன்.

அவளுக்கா? தெரியாது. தெனமும் போன்ல, எல்லாம் சாப்பிட்டுச்சா அண்ணின்னு கேப்பா. நேத்தும் கேட்டா.

சாப்பிட்டுச்சுன்னு சொல்லிட்டேன்.